எட்டேகால் பஸ்ஸின் மடி

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷம் போக்குவரத்துத் துறையில் கோப்பு எழுதியவனுக்குப் பெயர்கள் மறக்காது. அதிலும் இது கணவர் பெயர், வயது, கதவு எண்ணோடு சேர்த்து நான் தெரிந்துகொண்ட பெயர். எழுத மாட்டேன் என்று ஒரு காலையில் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலாப்பட்டிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் எட்டேகால் பஸ்ஸில் அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்களும் அக்கா என்றார்கள். கண்டக்டர் மட்டும், கூட்டம் குறைவாக இருந்து மனசும் நன்றாக இருந்தால், ‘லக்கேஜக்கா’ என்பார்.

லேடீஸ் பக்கம், மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். அதுதான் அவர் இடம். பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறுவதால் எந்த சீட்டை வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஆனால் காற்று வருகிற ஜன்னல் சீட்டை இன்னொருவருக்கு விட்டுவிட்டு ஓரத்தில்தான் உட்காருவார். தியாகம் என்று முதலில் நினைத்தேன். பிள்ளைச்சாவடி தாண்டி, நிற்கிற கூட்டம் சேர்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஜன்னலில் உட்கார்ந்தால் கை எட்டாது.

எதற்கு எட்டாது என்றால், நிற்பவர்களின் பைகளுக்கு.

பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை மடியில் வைத்துக்கொள்வது நம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன், நீங்களும் செய்திருப்பீர்கள். ஆனால் நாம் ஒரு பையோடு நிறுத்திக்கொள்வோம். இரண்டாவது பை பக்கத்தில் வந்து நின்றால் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே முக்கியமான எதையோ பார்க்கத் தொடங்குவோம். அக்கா ஏழெட்டு பை வாங்குவார். வாங்குவார் என்று சொல்வதுகூடத் தவறு, எடுத்துக்கொள்வார். நீங்கள் கம்பியைப் பிடித்து நிலைப்பட்டு நிற்பதற்குள் உங்கள் தோளில் இருந்த கனம் போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் அது அவர் மடியில் இருக்கும். கேட்பதும் கிடையாது, நன்றி சொன்னால் காதில் போட்டுக்கொள்வதும் கிடையாது.

அந்த மடிக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர் பை அடியில். அஜந்தா சிக்னல் அதற்கு மேல். கோட்டக்குப்பம் எல்லாவற்றுக்கும் மேல். சாப்பாட்டுக் கேரியர் முழங்கால்களுக்கு நடுவில், நிமிர்ந்தபடி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் எக்ஸ்ரே கவர் அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் இடையில், மடங்காமல். யார் எங்கே இறங்குவார் என்று அவருக்குத் தெரியும். தெரியாத முகமாக இருந்தால் ஒரே கேள்வி: “எங்க எறங்கணும்?” உங்கள் ஸ்டாப் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் பை தானாக உங்கள் கைக்கு வரும். ஒரு நாளும் மாறியதில்லை. நான் வேலை பார்த்த எந்த ஆபீசிலும் தபால் இவ்வளவு சுத்தமாகப் பட்டுவாடா ஆனதில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

அவர் சொல்கிற நியாயம் எளிமையானது.

“பஸ்ஸுல நிக்கறவனுக்கு ரெண்டு கையி. ரெண்டும் கம்பிக்கே பத்தல. அதுல பையி எங்கேருந்து வந்துச்சு?”

கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் அவருக்கு அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. பதினோரு அறைகளின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். ஆட்கள் வெளியே போயிருக்கும்போது உள்ளே போய்ப் படுக்கை மாற்ற வேண்டும். மேஜையில் மோதிரம் கிடக்கும், பாஸ்போர்ட் கிடக்கும். பதினான்கு வருஷத்தில் ஒரு குண்டூசி காணாமல் போனது கிடையாது. இதை அவர் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் நான் கேட்டதற்கு: “நமக்கு என்னா சார் இருக்குது, கை சுத்தம் ஒண்ணுதான். அதனாலதான் சாவிய குடுத்து வெச்சிருக்காங்க.”

எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானதே ஒரு தகராறில்தான். ஊருக்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். என்னிடம் லைசென்ஸ் கிடையாது, வண்டி ஓட்ட வராது. ஆகவே பஸ். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு விசாரணைக் கோப்பைத் தோல்பையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோப்பு என் கையை விட்டுப் போகக் கூடாது என்று அதன் மேலட்டையிலேயே எழுதியிருந்தது. அக்கா பையின் காதைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. மறுபடி இழுத்தார்.

“இது ஆபீஸ் பைம்மா. யார்கிட்டயும் குடுக்கக்கூடாது.”

“நான் படிக்கப் போறதில்ல சார். எனக்குப் படிக்கவும் தெரியாது. குடுங்க.”

“விதி இருக்கு.”

“விதி இருக்கட்டும். பையி இடுப்புல இடிக்குது, அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ண பாருங்க.”

பார்த்தேன். என் பை, எனக்குப் பின்னால் நின்ற நிறைமாதப் பெண்ணின் வயிற்றிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கோப்பு கைமாறியது. ரசீது இல்லை, கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் பயணியின் சாமான் பற்றி நிறையவே சொல்லியிருக்கிறது. அடுத்தவர் மடியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அன்று முதல் பஸ் ஸ்டாண்ட் வரும்வரை என் பை அவர் மடியின் அடித்தட்டில் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதே எட்டேகாலுக்கு டவுனுக்குப் போய், வாசக சாலையில் பேப்பர் படித்து, காபி குடித்து மத்தியானம் திரும்புவேன். ஏன் போகிறாய் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர்களுக்கும் அது வசதியாக இருந்திருக்க வேண்டும்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் எங்கள் பஸ்ஸில் வெள்ளைக்காரர்கள் ஏறத் தொடங்குவார்கள். பெரிய முதலியார்சாவடி, சின்ன முதலியார்சாவடி பக்கம் வாடகைக்குத் தங்கியிருப்பவர்கள். புதுச்சேரியில் இருநூறு வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போனான். அதனால் வெள்ளையாக யார் ஏறினாலும் பிரெஞ்சு என்பது எங்கள் பஸ்ஸின் முடிவு. கண்டக்டர் எல்லாருக்கும் ‘போன்ழூர்’ என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். ஜெர்மன்காரர், ரஷ்யாக்காரர் என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது.

அவர்களுக்கும் நமக்கும் பஸ்ஸில் சண்டை வருவதற்குக் காரணங்கள் பல. நாம் முறைத்துப் பார்க்கிறோம் என்பது அவர்கள் குறை. ஊருக்குப் போகும் சாமானை எல்லாம் முதுகில் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்று, கூப்பிட்ட பக்கமெல்லாம் அப்படியே திரும்புகிறார்கள் என்பது நம் குறை. ஒருவர் அப்படித் திரும்பியதில் ஒரு டீச்சரின் மூக்குக் கண்ணாடி பறந்து டிரைவர் பக்கம் போய் விழுந்தது. “எறக்கி கீழ வைய்யா,” என்று நாலு பக்கமும் சத்தம். அவருக்குப் பாஷை புரியவில்லை, கோபம் மட்டும் புரிந்தது. தன்னை ஊரை விட்டே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. முகம் சிவந்து, பையின் வார்களை இன்னும் இறுக்கிக்கொண்டார். அக்கா வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பிறகு உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் பையின் அடியில் கொடுத்து, தூக்கிப் பிடித்துக்கொண்டார். முத்தியால்பேட்டை வரைக்கும் அப்படியே. அந்த மனிதர் நடுநடுவே தோளைக் குலுக்கிப் பார்த்தார். மூட்டை ஏன் இன்று கனக்கவில்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

இன்னொரு நாள் ஒரு வெள்ளைக்கார ஜோடி, லேடீஸ் சீட்டில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டது. கண்டக்டர் ஆணை மட்டும் எழுந்திருக்கச் சொன்னார். அந்த ஆள் எழுந்திருக்கவில்லை. அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேலே தமிழில் எழுதியிருந்தது, அதிலும் பாதி எழுத்து உதிர்ந்திருந்தது. சட்டப்படி அவர் கேட்டது சரியான கேள்வி என்பதால் நான் வாயை மூடிக்கொண்டேன். நிற்கிற பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

அக்கா தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். “ஒக்காரட்டும் வுடு தம்பி. ஒக்காந்தா வேல செய்யணும், அவ்ளோதான்.”

நின்ற பெண்களின் பைகளை ஒவ்வொன்றாக வாங்கி அந்த ஆளின் மடியில் அடுக்கத் தொடங்கினார். கூடை, புத்தகப் பை, காய்கறிப் பை, கடைசியாக ஒரு சாம்பார் கேரியர். அதை மட்டும் அவர் இரண்டு கைகளிலும் கொடுத்து, சாயக் கூடாது என்று சைகை காட்டினார். அந்த மனிதர் பஸ் ஸ்டாண்ட் வரை மூச்சுகூட அளந்துதான் விட்டார். இறங்கும்போது இரண்டு பெண்கள் அவருக்கு ‘மெர்சி’ என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்கள். ரொம்பவும் சந்தோஷப்பட்டார். நார்வேக்காரராம்.

இப்படியாக எல்லாம் அவர் கையில் சமாளித்துப் போய்க்கொண்டிருந்தது, அந்த ஸ்பெயின் பெண் ஏறும்வரை.

சின்ன முதலியார்சாவடியில் ஏறினாள். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும், தனியாக வந்தாள். முதுகில் சின்னப் பைதான். கூட்டம் நெருக்கியது. பஸ் கோட்டக்குப்பம் தாண்டியது. அக்காவின் கை, வழக்கம்போல, அந்தப் பையைத் தோளிலிருந்து உருவியது.

அந்தப் பெண் அலறினாள். திரும்பிப் பையைப் பிடித்து இழுத்தாள். அதே நேரம் டிரைவர் ஒரு மாட்டுக்காக பிரேக் போட்டார். மடியில் இருப்பது எதுவும் கீழே விழக் கூடாது என்பது அக்காவின் கைகளுக்கு ஊறிப்போன பழக்கம். பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார். யோசித்துப் பாருங்கள், திருடுகிறவளும் அப்படித்தான் இறுக்குவாள்.

“போலீஸ்,” என்றாள் அந்தப் பெண். மறு கையால் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

பஸ் பொங்கிவிட்டது. “யாரப் பாத்து திருடிங்கற,” என்றாள் ஒருத்தி. “இவங்க ஊருக்குப் போயி நாம இப்பிடி வீடியோ எடுத்தா வுடுவாங்களா,” என்றார் ஒருவர். பின்னாலிருந்து ஒருவர் அவளைத் தன் செல்போனில் படம் பிடித்தார், அவள் அவரைப் பிடித்தாள். அந்தப் பெண் கம்பியோடு ஒட்டி நின்றாள். அறுபது பேர் புரியாத பாஷையில் கத்தினால் யாரும் அப்படித்தான் நிற்பார்கள். அக்கா பையை அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. விடுதிக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டால், அல்லது ஸ்டேஷனில் ஒரு புகார் என்று கேள்விப்பட்டால், சாயங்காலமே பதினோரு சாவியையும் வாங்கிக்கொள்வார்கள். விசாரிக்க மாட்டார்கள். சாவி விஷயத்தில் யாரும் விசாரிப்பதில்லை.

பஸ்ஸில் திருட்டு என்று சத்தம் வந்தால், யாரையும் இறக்காமல் பஸ்ஸை நேராக ஸ்டேஷனுக்கு விட வேண்டும் என்பது கண்டக்டர்களின் வழக்கம். விட்டார். டவுன் எல்லைக்குள் வந்து ஒரு ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினார்.

“அக்கா, நீயி எறங்குக்கா. ஒரு நிமிஷம் பேசிட்டு வந்துடலாம்,” என்றார் கண்டக்டர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

அக்கா எழுந்தார். மடியில் இன்னும் ஏழு பை இருந்தன. சீட்டில் வைத்துவிட்டு இறங்கலாம். யாருடைய பையையும் அவர் சீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர் இல்லை. தோளில் இரண்டு, இடது கையில் மூன்று, வலது கையில் கேரியர், கக்கத்தில் எக்ஸ்ரே கவர். அப்படியே ஸ்டேஷன் படியேறினார். பைக்குச் சொந்தக்காரர்கள் ஏழு பேரும் பின்னாலேயே போனோம். ஏழாவது பை என்னுடையது.

ஸ்டேஷன் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். எதிரில் பை திருடியதாகச் சொல்லப்படும் பெண். அவர் மேல் ஏழு பை.

“இத்தனையுமா?” என்றார்.

“இதெல்லாம் எங்க பை சார்,” என்றாள் ஒரு கல்லூரிப் பெண்.

“நீங்க குடுத்தீங்களா, இவங்க எடுத்தாங்களா?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஜனங்கள். கடைசியில் கேரியர்காரர் உண்மையைச் சொன்னார்: “குடுக்கறதுன்னு இல்ல சார். அக்காவே எடுத்துக்கும்.”

“எல்லார்கிட்டயுமா?”

“தெனமும் சார்.”

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எழுத்தர் பேப்பரில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். பெயர், கணவர் பெயர், வயது, கதவு எண் எல்லாவற்றையும் எழுத்தர் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். அக்கா ஒவ்வொரு பதிலும் சொல்லிவிட்டு அந்தப் பேனாவையே பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, “என் பேர எழுதிட்டாங்களா சார்?” என்றார்.

முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தப் பெருமையை அன்று கழற்றி வைத்தேன்.

“சார், அந்தத் தோல்பை என்னுது. நானே கொடுத்தேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக் கொடுத்தேன்,” என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் அத்தனை ஆச்சரியம். மற்ற ஆறு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. “ஆமா சார், நாங்களும் குடுத்தோம்,” என்றார்கள் ஒரே குரலில்.

“இந்தம்மா குடுக்கலையே,” என்று எழுத்தர் ஸ்பெயின் பெண்ணைக் காட்டினார்.

அதற்கு என்னிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது. “சம்பவம் நடந்த இடம் எது சார்?” என்று கேட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலாப்பட்டு புதுச்சேரி. அங்கிருந்து டவுனுக்கு வரும் வழியில் முதலியார்சாவடிகளும் கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. முத்தியால்பேட்டையில் மறுபடி புதுச்சேரி. அரை மணி பயணத்தில் இரண்டு முறை அரசாங்கம் மாறும். பை தோளை விட்டு வந்தபோது பஸ் கோட்டக்குப்பம் தாண்டியிருந்தது, எல்லையைத் தாண்டியிருந்ததா என்பது டிரைவருக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. “தமிழ்நாட்டில் நடந்திருந்தால் அது உங்கள் ஸ்டேஷனில் வராது. அளந்து பார்க்க வேண்டியிருக்கும்,” என்றேன். எந்த ஸ்டேஷனிலும் புகார் வாங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அந்தச் சமயத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தர் பேனாவை மூடினார். “மொதல்ல அந்தம்மாகிட்ட பேசுங்க. புகார் குடுக்கறாங்களா இல்லையான்னு கேளுங்க.”

அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் பேசினேன். வேறு ஊரில் ஒரு ரயில் நிலையத்தில் இதேபோலத் தன் பை போய்விட்டதாகச் சொன்னாள். பேசும்போதே அவள் பார்வை அக்காவிடமே இருந்தது. அக்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஏழு பையும் மடியில். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றும் ஒருவரும் தன் பையை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்டாப் இன்னும் வரவில்லையே.

“இங்கே உட்கார்ந்திருப்பவர்தான் சுமக்க வேண்டும். அது வழக்கம்,” என்றேன்.

“ஆனால் அவர் என்னிடம் கேட்கவில்லையே,” என்றாள்.

“யாரிடமும் கேட்க மாட்டார்.”

“ஏன்?”

நான் எதையும் கேட்டு, எழுதி வாங்கி, முத்திரை குத்திப் பழகியவன். அவள் கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. புகார் வேண்டாம் என்றாள். அக்காவின் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்துக் காட்டினாள். இனிமேல் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னாள். அதை நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். எழுத்தரும், “ஆமாம்மா, கேட்டுட்டு எடு, உனக்கும் நல்லது,” என்றார். சரி என்று தலையாட்டினார் அக்கா. அந்தத் துண்டுச் சீட்டை அவரிடம் கேட்டு வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

“பேரு எழுதலையே சார்?” என்றார் அக்கா, பஸ்ஸில் ஏறும்போது மறுபடி.

“எழுதல. நானும் எங்கேயும் எழுத மாட்டேன்.”

சாவி தப்பியது. ஆனால் மறுநாளிலிருந்து பஸ் கெட்டது, அதற்குக் காரணம் நாங்கள் சேர்ந்து ஏற்படுத்திய நடைமுறை.

அக்கா சொன்ன சொல் தவறாதவர். அதே மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் கேட்டார்: “பையி வெச்சுக்கட்டுமா?”

“பரவால்லக்கா,” என்றார்கள்.

எல்லாருமே அப்படித்தான் சொன்னார்கள். டீச்சர், கல்லூரிப் பெண், கேரியர்காரர், எல்லாரும். நானும் சொன்னேன், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. நம்மிடம் யாராவது கேட்டால் நாம் வேறு என்ன சொல்வோம்? சாப்பிடுகிறீர்களா என்றால் இப்போதுதான் ஆயிற்று என்போம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்க நாமாக சரி என்று சொல்வது நம் வாயில் வராது. அந்த ஸ்பெயின் பெண் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே பதில் கிடைத்தது. கேட்டால் யாரும் தர மாட்டோம், அதனால்தான் அக்கா கேட்டதில்லை.

மூன்று நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். மடி காலியாக இருந்தது. எங்கள் பைகள் அடுத்தவர் இடுப்பிலும் முகத்திலும் இடித்தன. ஒரு நாள் கேரியர் கவிழ்ந்து, ரசம் நாலு வரிசை ஓடியது. அக்கா கால்களைத் தூக்கிக்கொண்டாரே தவிரத் திரும்பவில்லை. ஜன்னல் சீட் காலியான ஒரு நாள் அதில் நகர்ந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே சங்கடமாகிவிட்டது.

“என்னாக்கா, ரிடையர் ஆயிட்டியா?” என்றார் கண்டக்டர்.

“எனக்கு எதுக்குப்பா அடுத்தவங்க சாமானு.”

இரண்டு வாரம் கழித்து, சின்ன முதலியார்சாவடியில் அந்த ஸ்பெயின் பெண் மறுபடி ஏறினாள். பஸ்ஸே கொஞ்சம் அடங்கியது. அக்கா ஜன்னலில் இருந்தார், பக்கத்து ஓர சீட் அப்போதுதான் காலியாகியிருந்தது. அந்தப் பெண் தயங்கினாள், பிறகு அதில் உட்கார்ந்தாள். அக்கா வெளியே பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

நான் அவளுக்கு எதிரே, தோல்பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். கையை நீட்டி அதன் காதைப் பிடித்தாள்.

“பரவாயில்லை,” என்றேன் ஆங்கிலத்தில்.

இழுத்தாள். நான் விடவில்லை. மறுபடி இழுத்தாள், என் இடுப்புக்குப் பக்கத்தில் நின்ற டீச்சரைக் கண்ணால் காட்டி. விட்டுவிட்டேன்.

பிறகு அவள் நிறுத்தவில்லை. டீச்சரின் கைப்பை, கல்லூரிப் பெண்ணின் புத்தகப் பை, யாரையும் கேட்கவில்லை. ஆனால் ஒழுங்கு தெரியாதே. கோட்டக்குப்பத்தில் இறங்க வேண்டியவர் பையைப் பிடித்து எல்லாவற்றுக்கும் அடியில் செருகினாள். அவர், “ஏம்மா, நான் எறங்கணும்மா,” என்று பின்னால் இழுக்க, அவள் தான் செய்வதுதான் சரி என்று முன்னால் இழுக்க, மடியே சரிந்தது. கேரியரைப் படுக்க வைத்திருந்தாள்.

அக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். புத்தகப் பை வரைக்கும் தாங்கினார். கேரியர் உருளத் தொடங்கியதும் அவரால் முடியவில்லை.

“ஐய, ரசம் ஊத்திக்கும் பாப்பா. குடு இப்பிடி.”

கேரியரைப் பிடுங்கி முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினார். கோட்டக்குப்பத்தார் பையை உருவி அவர் கையில் திணித்தார். பிறகு அந்தப் பெண்ணின் மடியில் இருந்ததை எல்லாம் பாதியாகப் பிரித்து, ஸ்டாப் வரிசைப்படி இரண்டு மடியிலும் அடுக்கத் தொடங்கினார். என் பையை எடுத்து, என்னைப் பார்க்காமலே, தன் மடியில் அடித்தட்டில் வைத்தார்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. “கேட்டுட்டுத்தானே எடுக்கணும்னு பேச்சு?” என்றேன்.

“நான் எங்க சார் எடுத்தேன்?” என்றார் அக்கா. “இந்தப் பொண்ணு எடுத்தது. நான் அடுக்கி வெக்கறேன். அடுக்கறதுக்கு ஒங்க சட்டத்துல என்னா போட்டிருக்குது?”

ஒன்றும் போடவில்லை. நான் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.